பிள்ளைகளைக் காக்கும் பணி: வாசகர் கேள்வி – பதில்

ஆதரவற்ற பிள்ளைகளுக்காக இல்லம் நடத்துவோரும் நடத்த நினைப்போரும் எழுதிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். தமிழ்நாட்டில் உள்ள சபைகளையும் சிறு கிறிஸ்தவ அறக்கட்டளைகளையும் மனதில் வைத்தே எழுதியிருக்கிறோம்.

எங்கள் சேகரத்தில் (பல சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவு) பழைய மிஷன் பங்களா ஒன்று பூட்டியே கிடக்கிறது. வெளியூரில் வேலை பார்க்கும் சபை வாலிபர்கள் மாதாமாதம் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். இருபது பிள்ளைகளைச் சேர்த்து ஓர் இல்லம் தொடங்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
– சேகரச் செயலர் ஒருவர், நாசரேத்

கட்டடத்திலிருந்து தொடங்காதீர்கள் ஐயா. கட்டில் போட்டு அறை தயாராகிவிட்டால் அதை நிரப்பப் பிள்ளைகளைத் தேடத் தோன்றும். தேடினால் கிடைக்கவும் செய்வார்கள். ஆனால் அப்படி வருகிற பிள்ளைகளில் பலருக்கு அம்மா இருப்பார், இல்லையென்றால் பாட்டியோ சித்தியோ இருப்பார்கள். சாப்பாட்டுக்கும் பள்ளிச் செலவுக்கும் வழியில்லை என்பதற்காகவே கொண்டுவந்து விடுவார்கள். வறுமைக்காக ஒரு பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பதுதான் எங்கள் உறுதியான எண்ணம். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் பிரிவு 3-இல் இதையே சொல்கிறது: பிள்ளையைப் பராமரிக்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கு, இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி.

முதலில் உங்கள் சேகரத்து ஊர்களில் ஒரு பட்டியல் எடுங்கள். ஆலயத்துக்கு வருகிறவர்களிடம் மட்டும் கேட்டால் பட்டியல் அரைகுறையாகத்தான் இருக்கும். அங்கன்வாடிப் பணியாளர், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர், கிராமச் செவிலியர் மூன்று பேரிடமும் கேளுங்கள். பிறகு இரண்டு பேராக, அதில் ஒருவர் பெண்ணாக, வீடு வீடாகப் போங்கள். பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், யார் சம்பாதிக்கிறார்கள், கடன் எவ்வளவு, போன மாதம் பள்ளிக்கு எத்தனை நாள் போகவில்லை, ராத்திரி பிள்ளை எங்கே யாருடன் தூங்குகிறது என்று விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அம்மா மில்லில் இரவு ஷிப்ட் பார்க்கிறார், ஒன்பது வயதுப் பெண் தனியாக வீட்டில் படுக்கிறாள் என்பது அந்தக் கேள்வியில்தான் வெளிவரும். அவளுக்குத் தேவை இல்லம் அல்ல, இரவில் கூடப் படுக்க நம்பகமான ஒரு பெரியம்மா. அந்த ஏற்பாட்டுக்கு ஆகும் செலவு ஓர் இல்லத்தில் ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான்.

அடுத்தது, அந்தக் குடும்பங்களுக்கு அரசிடமிருந்து வரவேண்டியதை வாங்கிக்கொடுங்கள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், பிள்ளை குடும்பத்திலேயே வளர்வதற்கான ஸ்பான்சர்ஷிப் உதவி மாதம் 4,000 ரூபாய். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும் நகரத்தில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் உண்டு.

விண்ணப்பம் எங்கே சிக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அப்பாவின் இறப்பைப் பதிவு செய்யாமலே விட்டிருப்பார்கள். ஒரு வருடம் கடந்துவிட்டால் கோட்டாட்சியர் அலுவலகம் வரை நடக்க வேண்டும். ஆதாரில் ஓர் இனிஷியல், பள்ளிச் சான்றில் இன்னொன்று இருக்கும். பிள்ளையின் வங்கிக் கணக்கு பயன்படுத்தாமல் முடங்கிக் கிடக்கும். அப்பா இறக்கவில்லை, ஓடிப்போய்விட்டார் என்றால் இறப்புச் சான்றுக்கு வழியில்லை; கணவனால் கைவிடப்பட்டவர் என்ற சான்றை இ-சேவை மையம் வழியாக வருவாய்த் துறையிடம் வாங்க வேண்டும். கூலி வேலைக்குப் போகும் அம்மாவால் இதற்காக நாலு நாள் சம்பளத்தை விட முடியாது. உங்கள் வாலிபர் சங்கத்தில் மோட்டார் பைக்கும் பொறுமையும் உள்ள இரண்டு பேர் இதைச் செய்யலாம். நன்கொடைப் பணம் செய்வதைவிட இது கூடுதலாகச் செய்யும்.

பங்களாவை மாலை நேரப் படிப்பு மையமாக்குங்கள். நாலரை மணியிலிருந்து ஏழரை மணி வரை திறந்திருக்கட்டும். வந்ததும் சுண்டலும் பாலும், பிறகு வீட்டுப்பாடம், போகுமுன் சாப்பாடு. அதற்குள் இருட்டிவிடும். ஆகவே பிள்ளைகளை வீடு வரை கொண்டுவிட ஆள் வேண்டும். சபையின் பண உதவியை அம்மாவின் வங்கிக் கணக்கில் ஒரே தேதியில் போடுங்கள். மேடையில் அழைத்து உறை கொடுக்கும் வழக்கம் வேண்டாம். மறுநாள் அந்தப் பிள்ளை வகுப்பில் என்ன பேர் வாங்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு, யாருமே இல்லாத பிள்ளை, அல்லது வீட்டிலேயே ஆபத்தில் இருக்கும் பிள்ளை என்று ஓரிருவர் மிஞ்சலாம். அவர்களைக் குழந்தைகள் நலக் குழுவிடம் (சிறார் நீதிச் சட்டப்படி இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் மாவட்டக் குழு) கொண்டுபோக வேண்டும். அவர்களுக்காக ஏற்கெனவே பதிவுபெற்ற இல்லங்கள் பக்கத்திலேயே இருந்தால் இன்னொன்று தேவையா என்பதையும் கமிட்டியில் பேசி முடிவெடுங்கள்.

ஆறு வருடமாக 14 பிள்ளைகளை வைத்துப் பராமரிக்கிறோம். அறக்கட்டளை முறையாகப் பதிவாகியிருக்கிறது, நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி-யும் இருக்கிறது. இது போதும்தானே?
– வாசகர், தாராபுரம்

போதாது. அறக்கட்டளைப் பதிவு உங்கள் அமைப்புக்கு. பிள்ளைகளைத் தங்க வைப்பதற்குத் தனிப் பதிவு வேண்டும். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளைத் தங்க வைக்கும் எந்த இல்லமும், அரசு மானியம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், சிறார் நீதிச் சட்டம் பிரிவு 41-இன்படி பதிவு செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் பிரிவு 42-இன்படி பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். ஒவ்வொரு 30 நாள் தாமதமும் தனிக் குற்றமாகக் கணக்காகும். ஆகவே இந்த வாரமே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரை நீங்களே போய்ப் பாருங்கள். அவர்கள் வந்து கண்டுபிடிப்பதற்கும் நீங்களாகப் போய்ச் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. 14 பிள்ளைகளின் பட்டியலையும், யார் எப்போது யார் மூலம் வந்தார்கள் என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். ஒவ்வொருவரையும் நலக் குழுவின் முன் நிறுத்தி உத்தரவு பெற வேண்டியிருக்கும். சிலரை வீட்டுக்கு அனுப்பச் சொல்வார்கள். அதை எதிர்த்து நிற்க வேண்டாம்.

ஒரு விளக்கம். பெற்றோர் பள்ளிப் படிப்புக்காகச் சேர்த்து, லீவுக்கு அழைத்துப்போகும் போர்டிங் வேறு வகை. அதற்கு 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விடுதிகள் மற்றும் இல்லங்கள் முறைப்படுத்தும் சட்டத்தின்படி ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். உங்களுடையது எது என்று தீர்மானிப்பது பெயர்ப்பலகை அல்ல, உள்ளே இருக்கும் பிள்ளைகளின் நிலை.

இல்லப் பதிவுக்கான விண்ணப்பம், சிறார் நீதிச் சட்டத்துக்காக மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகளில் படிவம் 27. அறக்கட்டளைப் பத்திரம், நிர்வாகிகள் விவரம், தணிக்கை செய்த கணக்கு, கட்டட வரைபடம், கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, வட்டாட்சியரின் பொதுக் கட்டட உரிமம், ஊழியர்களுக்குக் காவல்துறை நன்னடத்தைச் சான்று ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள். விண்ணப்பித்து ஒரு மாதத்துக்குள் அதிகபட்சம் ஆறு மாதத்துக்கான தற்காலிகப் பதிவு தரப்பட வேண்டும். தராவிட்டால் விண்ணப்பம் பெற்றதற்கான அத்தாட்சியே தற்காலிகப் பதிவாகும். அதனால் அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். முழுப் பதிவு ஐந்தாண்டுக்குச் செல்லும்.

கோப்பு திரும்பி வருவது பெரும்பாலும் இடக் கணக்கில்தான். 50 பிள்ளைகளுக்கு 25 பேர் வீதம் இரண்டு தங்கும் அறை, ஒவ்வொன்றும் 1,000 சதுர அடி என்கின்றன மாதிரி விதிகள். அதாவது ஒரு பிள்ளைக்குப் படுக்க 40 சதுர அடி. 20-க்கு 30 அடி ஹால் ஒன்று இருந்தால் அதில் 15 பேர்தான், 25 பேர் அல்ல. ஏழு பேருக்கு ஒரு கழிப்பறை, பத்துப் பேருக்கு ஒரு குளியலறை. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஒரே இல்லத்தில் கூடாது. பெண் பிள்ளைகள் இல்லத்தில் பொறுப்பாளரும் ஊழியர்களும் பெண்களாகவே இருக்க வேண்டும். போதகரும் அவர் மனைவியும் மாடியில் குடியிருந்துகொண்டு கீழே இருபாலரையும் வைத்து நடத்தும் முறை பல ஊர்களில் நல்லெண்ணத்தோடு தொடங்கியதுதான். இன்று அதற்கு அனுமதி கிடைக்காது. கிடைக்காமல் இருப்பதே நல்லது.

போன மாதம் ஆராதனை முடிந்து வந்தபோது குருமனை (போதகர் வீடு) வாசலில் பிறந்து சில நாளே ஆன குழந்தையை யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சபையில் பிள்ளையில்லாத தம்பதி ஒருவர் நாங்களே வளர்க்கிறோம் என்று கெஞ்சினார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?
– போதகரின் மனைவி, ராணிப்பேட்டை

குழந்தைக்கு மூச்சும் சூடும் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, தலையை மூடி, உடம்போடு அணைத்துக்கொள்ளுங்கள். குளிப்பாட்ட வேண்டாம், பசும்பாலோ சர்க்கரைத் தண்ணீரோ தேனோ கொடுக்க வேண்டாம். 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். போகிற வழியிலேயே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள். அழைத்த நேரத்தையும் பேசியவர் பெயரையும் எழுதி வையுங்கள். கூடவே கிடந்த துணி, பை, சீட்டு எதையும் தூக்கிப் போடாமல் போலீஸிடம் கொடுங்கள்.

இதற்கெல்லாம் உங்களுக்குள்ள அவகாசம் 24 மணி நேரம், பயண நேரம் நீங்கலாக. சிறார் நீதிச் சட்டம் பிரிவு 32 அப்படித்தான் சொல்கிறது. தகவல் தராமல் இருப்பதே குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

அந்தத் தம்பதியிடம் குழந்தையைக் கொடுக்கவே கூடாது, ஒரு ராத்திரிக்குக்கூட. அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம். ஆனால் சட்ட நடைமுறைக்கு வெளியே தத்துக்காகக் குழந்தையைக் கொடுப்பதும் வாங்குவதும் பிரிவு 80-இன்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். இதில் பணம் கைமாறினால் அது குழந்தை விற்பனை, ஐந்தாண்டு வரை கடுங்காவல். தண்டனையைவிடப் பெரிய காரணம் பெற்ற தாய். பயத்திலோ மிரட்டலிலோ விட்டுப்போனவள் இரண்டு வாரத்தில் திரும்பி வரக்கூடும். கைவிடப்பட்ட குழந்தை இரண்டு வயதுக்கு உட்பட்டதென்றால், பெற்றோரைத் தேடி, இரண்டு மாதத்துக்குள் யாரும் கிடைக்காவிட்டால்தான் நலக் குழு அதைத் தத்துக்குத் தகுதியானது என்று அறிவிக்கும். தானே முன்வந்து ஒப்படைக்கும் தாய்க்கும் மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு. அந்த இரண்டு மாதத்தைத் தாயிடமிருந்து பறிக்கும் உரிமை யாருக்கும் இல்லை. பிள்ளையில்லாத தம்பதிக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி, மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் அவர்களைப் பதிவு செய்ய வைப்பது.

இல்லத்தில் 30 பிள்ளைகளுக்குச் சமைக்கிறேன். அளவு தெரியாமல் ஒரு நாள் மிஞ்சுகிறது, ஒரு நாள் பற்றாமல் போகிறது. கல்யாண வீடுகளிலிருந்தும் சாப்பாடு வருகிறது. வாங்கலாமா?
– சமையல் பொறுப்பாளர், மார்த்தாண்டம்

மாதிரி விதிகளில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் அளவு இருக்கிறது. அதை 30-ஆல் பெருக்கித் தருகிறோம். அரிசி, கோதுமை, கேழ்வரகு, சோளம் எல்லாம் சேர்த்து தலைக்கு 600 கிராம் வீதம் 18 கிலோ. அதில் குறைந்தது 3 கிலோ அரிசியல்லாத தானியமாக இருக்க வேண்டும். காலையில் கேழ்வரகுக் கூழோ ராத்திரி சப்பாத்தியோ வைத்துவிட்டால் இது சரியாகிவிடும். பருப்பும் பயறும் 120 கிராம் வீதம் 3.6 கிலோ. எண்ணெய் 750 கிராம். கீரை 3 கிலோ, மற்ற காய்கள் 3.9 கிலோ. காலையில் பால் 150 மில்லி வீதம் நாலரை லிட்டர். தயிரோ மோரோ 3 லிட்டர். வாரம் ஒரு நாள் கோழி, அல்லது நாலு நாள் முட்டை. 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தானியம் 700 கிராம். ஆறு வயதுப் பிள்ளை 600 கிராம் சாப்பிடாது. ஆகவே உங்கள் இல்லத்தில் சின்னப் பிள்ளைகள் அதிகம் என்றால் ஒரு வாரம் தினமும் மிஞ்சுவதை நிறுத்துப் பார்த்துத் தானியத்தை மட்டும் குறையுங்கள். பருப்பிலும் பாலிலும் கை வைக்காதீர்கள். பணம் இறுகும்போது இல்லங்களில் முதலில் குறைவது அவைதான். சாம்பார் தண்ணீராகிவிட்டது யார் கண்ணுக்கும் படாது, பிள்ளையின் வளர்த்திதான் காட்டும். மாதம் ஒரு முறை எடையும் உயரமும் எடுத்து எழுதச் சொல்வது அதற்காகத்தான்.

சபைகளிலிருந்து வரும் பிடி அரிசிக் காணிக்கையை அப்படியே உலையில் போட முடியாது. நூறு வீட்டு அரிசி அது. புழுங்கலும் பச்சரிசியும் புதுசும் பழசும் கலந்திருக்கும். ஒன்று குழையும்போது இன்னொன்று வேகாது. வாங்கும் இடத்திலேயே புழுங்கலுக்கு ஒரு டிரம், பச்சரிசிக்கு ஒரு டிரம் என்று வைக்கச் சொல்லுங்கள். கலந்தே வந்தால் புடைத்து, காயவைத்து, இட்லி மாவுக்கும் கஞ்சிக்கும் அரைத்துக்கொள்ளுங்கள். வண்டு விழுந்ததைத் தனியாக வையுங்கள், நல்ல மூட்டை பக்கத்தில் வேண்டாம். மூட்டைகள் தரையில் படாமல் பலகை மேல், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி இருக்கட்டும்.

கல்யாண வீட்டுச் சாப்பாடு வாங்காதீர்கள். காலை பத்து மணிக்கு இறக்கிய பிரியாணி மதியம் மூன்று மணிக்கு மூடிய அண்டாவில் வெதுவெதுப்பாக வந்து சேரும். கிருமி பெருகுவதற்கு அந்த வெதுவெதுப்புதான் ஏற்ற சூடு. சோற்றில் வளரும் சில கிருமிகள் விடும் நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது, ஆகவே சுடவைத்துக் கொடுக்கலாம் என்ற எண்ணமும் தவறு. 2022 அக்டோபரில் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் இல்லத்தில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் மூன்று சிறுவர்கள் உயிரிழந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கல்யாண வீட்டார் மனம் நோகாமல் சொல்ல ஒரு வழி உண்டு: “மளிகையாகக் கொடுங்கள், உங்கள் பேரில் நாங்களே சமைத்துப் போடுகிறோம்.” உங்கள் சமையலிலும் ஒவ்வொரு வேளையும் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கிண்ணம் எடுத்து, தேதியும் நேரமும் எழுதி ஒரு நாள் ஃபிரிட்ஜில் வையுங்கள். பிள்ளைகளுக்கு வயிற்றுக் கோளாறு வந்தால் மருத்துவருக்கும் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் அதுதான் ஆதாரம்.

நன்கொடையாளர்களுக்காகப் பிள்ளைகளின் படத்தோடு காலண்டர் அச்சிடலாமா?
– வாசகர், விருத்தாசலம்

கூடாது. நலக் குழு மூலம் வந்த பிள்ளையின் பெயர், படம், பள்ளி, ஊர் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டம் பிரிவு 74 தடுக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் குழுவும் ஜெபக் கடிதமும் இதில் அடக்கம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சாட்சி சொல்ல மேடையில் நிறுத்தி “என் அப்பா குடிகாரர்” என்று பேசவைப்பதும் வேண்டாம். அந்த வீடியோ பத்து வருடம் கழித்து அந்தப் பெண்ணின் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும். தோட்டம், சமையலறை, பிள்ளைகள் வரைந்த படம், புத்தக அலமாரி இவற்றைப் படமெடுத்து அனுப்புங்கள். எத்தனை பேர் பத்தாம் வகுப்பு எழுதினார்கள், எத்தனை பேர் வீட்டுக்குத் திரும்பினார்கள் என்ற எண்ணிக்கையைக் கொடுங்கள். உண்மையாகக் கொடுக்கிறவர்களுக்கு அது போதும்.

எங்கள் இல்லத்தில் ஒரு பையன், வார்டன் தன்னிடம் தவறாக நடந்ததாக இன்னொரு பையனிடம் சொல்லியிருக்கிறான். கமிட்டி விசாரித்துவிட்டு நடவடிக்கை எடுக்கலாம் என்கிறார்கள் சிலர்.
– ஊரும் பேரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்

இதை முதல் வேலையாகப் படித்துப் பதில் எழுதி, தனிக் கடிதமும் அனுப்பியிருக்கிறோம். மற்றவர்களும் தெரிந்துகொள்ள இங்கே.

கமிட்டி விசாரணை கிடையாது. சந்தேகம் வந்தாலே போக்சோ சட்டம் (பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் சட்டம்) பிரிவு 19-இன்படி காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியாக வேண்டும். உண்மையா பொய்யா என்று முடிவு செய்வது நம் வேலை அல்ல. தனக்குக் கீழே உள்ளவர் செய்ததை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. வார்டனை அன்றைக்கே வளாகத்தை விட்டு அனுப்புங்கள். ஆனால் ஏன் என்று மற்றப் பிள்ளைகளிடம் அறிவிக்க வேண்டாம். பையனிடம் ஒருவர் மட்டும், அவனுக்குப் பிடித்தவர், “நீ சொன்னது நல்லது, உன் மேல் தப்பில்லை” என்று சொல்லட்டும். என்ன நடந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் சொல்ல வைத்தால் அவனுக்குக் காயம், வழக்குக்கும் கெடுதல். அண்மையில் நடந்ததென்றால் துணியைத் துவைக்காமல் வையுங்கள். மருத்துவப் பரிசோதனைக்கு அவன் நம்பும் ஒருவர் கூடப் போக வேண்டும். சபையின் நற்பெயர் பற்றிப் பேச்செடுப்பவரிடம், இந்தப் பையனின் நலனுக்கு அப்புறம்தான் அது என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள்.

முன்தடுப்புக்கு விதிகளில் உள்ளவற்றை ஒழுங்காகச் செய்தாலே பாதி ஆபத்து குறையும். ஆலோசனைப் பெட்டியை அலுவலக வாசலில் வைக்காமல் பிள்ளைகள் யாரும் பார்க்காமல் சீட்டுப் போடக்கூடிய இடத்தில் வையுங்கள். சாவி உங்களிடம் இருக்கக் கூடாது. வாரம் ஒரு முறை, இல்லத்தின் மேலாண்மைக் குழுத் தலைவர் அல்லது அவர் அனுப்பும் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பிரதிநிதி, பிள்ளைகள் குழுவின் முன்னிலையில் திறக்க வேண்டும். 6 முதல் 10, 11 முதல் 15, 16 முதல் 18 என்று வயது வாரியாகப் பிள்ளைகள் குழுக்கள் வேண்டும். எந்தப் பெரியவரும், போதகரே ஆனாலும், மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. வெளிநாட்டு விருந்தினரோ கோடைக்கால ஊழியரோ இல்லத்துக்குள் இரவு தங்கக் கூடாது. அடியும் கூடாது, பிரம்பு வீட்டிலேயே இருக்கக் கூடாது. பதிவுபெற்ற இல்லங்களில் அடித்துத் தண்டிப்பது சிறார் நீதிச் சட்டம் பிரிவு 82-இன்படி குற்றம்.

பிள்ளைகளில் பாதிப் பேர் இந்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். காலை மாலை ஜெபம் வைக்கிறோம். ஞானஸ்நானம் கேட்கும் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?
– இல்ல நிர்வாகி, சாயர்புரம்

கொடுக்க வேண்டாம். உங்கள் சோற்றையும் உங்கள் கூரையையும் நம்பி வாழும் பிள்ளை கேட்பது சுயமாகக் கேட்பதா என்று அந்தப் பிள்ளைக்கே தெரியாது. பதினெட்டு வயதாகி, வெளியே போய், தன் காலில் நின்று கேட்கட்டும். விசுவாசத்தைச் சொல்ல ஆயிரம் இடம் இருக்கிறது; பிள்ளைக்குப் போக்கிடம் இல்லாத நேரம் அதற்கு உரியதல்ல. ஜெபத்துக்கு வர விருப்பமில்லாத பிள்ளை அந்த நேரத்தில் படிக்கலாம், விளையாடலாம், அதற்காக ஒரு வார்த்தை குத்திப் பேசக் கூடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற கல்வி நிறுவனத்தில் பாதுகாவலரின் ஒப்புதலின்றி மைனரைச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ சேர்க்கக் கூடாது என்று அரசியல் சட்டம் 28(3) கூறுகிறது. நம் இல்லங்கள் அதைவிடத் தாழ்ந்த அளவுகோலை வைத்துக்கொள்ளலாகாது.

பெயரையும் மாற்றாதீர்கள். முத்துமாரி முத்துமாரியாகவே இருக்கட்டும். இதில் நடைமுறைச் சேதமும் இருக்கிறது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர்தான் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். பட்டியல் சாதிப் பிள்ளையின் பள்ளிப் பதிவேட்டில் ஆர்வக் கோளாறில் 'கிறிஸ்தவர்' என்று எழுதிவிட்டால், பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகும்போது சாதிச் சான்று மறுக்கப்படும், உதவித்தொகையும் இட ஒதுக்கீடும் போகும். சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் சொன்னதை, ஆவணத்தில் உள்ளதை மட்டுமே எழுதுங்கள். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் பாட்டி வீட்டுக்கு அனுப்பவும் செய்யுங்கள்.

நன்கொடை வாங்குவதில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? கனடாவில் உள்ள உறவினர்கள் உதவத் தயார்.
– பொருளாளர் ஒருவர், பாளையங்கோட்டை

உறவினரின் பாஸ்போர்ட்தான் முதல் கேள்வி. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை அல்ல. பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். கனடாக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ஊருக்கு வந்தவர் ஆலயத்தில் ரூபாய் நோட்டாகக் கொடுத்தாலும் அப்படியே.

பதிவுக்கு, அமைப்பு தொடங்கி மூன்றாண்டு ஆகியிருக்க வேண்டும், கடைசி மூன்று நிதியாண்டில் நோக்கத்துக்காகவே 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும். சிறு அமைப்புகள் பலவற்றுக்கு இது எட்டாது. குறிப்பிட்ட ஒருவரிடமிருந்து குறிப்பிட்ட தொகைக்கு முன் அனுமதி கேட்பதே வழி. பதிவு உள்ள பெரிய சங்கம் ஒன்று “எங்கள் கணக்கில் வாங்கி உங்களுக்குத் தருகிறோம்” என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படி மாற்றிக் கொடுக்க முடியாது. அதே திருத்தத்தால் பணம் புதுடில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் விழ வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆண்டுக் கணக்கு டிசம்பர் 31-க்குள் போக வேண்டும்.

உள்ளூர்ப் பணத்தில், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு 80ஜி சலுகை கிடைக்காது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொடுத்தவர்களின் பெயர், முகவரி, பான் எண் ஆகியவற்றோடு படிவம் 10பிடி-யை மே 31-க்குள் தாக்கல் செய்தால்தான் அவர்களுக்குச் சான்றிதழ் எடுக்க முடியும். பத்திரத்தில் 'கிறிஸ்தவப் பிள்ளைகளுக்காக' என்று எழுதியிருந்தால் 80ஜி-க்குத் தடை. 'சாதி மத வேறுபாடின்றி' என்று இருக்க வேண்டும். 80ஜி உள்ள அறக்கட்டளை மத காரியங்களுக்கு ஆண்டு வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் செலவிடக் கூடாது என்பதால், நற்செய்திக் கூட்டச் செலவையும் ஆலயக் கட்டட நிதியையும் இல்லக் கணக்கில் எழுதாதீர்கள்.

எங்கள் இல்லத்தில் ஒரு பெண்ணுக்கு அடுத்த ஜூனில் 18 முடிகிறது. பிறகு?
– இல்லத் தாய், கோவில்பட்டி

இப்போதே வேலையைத் தொடங்குங்கள் அம்மா. ஆதார், வங்கிக் கணக்கு, பள்ளிச் சான்றுகள், சாதிச் சான்று, ரேஷன் அட்டையில் பெயர் எங்கே இருக்கிறது என்ற விவரம் எல்லாம் ஒரே கோப்பில் அவள் கையில் இருக்க வேண்டும், நகல் உங்களிடம். இல்லத்தை விட்டுப் போன பிறகு தரும் பின்பராமரிப்பு உதவி 21 வயது வரை உண்டு. மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய். பிறந்த நாளுக்கு முன்பே நலக் குழுவுக்கு எழுதுங்கள். ஏ.டி.எம்.மில் பணம் எடுக்க, பஸ்ஸில் தனியாகப் போய்வர, ஒருவருக்குச் சமைக்க, வாடகை பேச அவளுக்குத் தெரியுமா? முப்பது பேருக்குச் சோறு வடித்துப் பழகிய பெண்ணுக்கு ஒரு டம்ளர் அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று தெரியாது. கிறிஸ்துமஸுக்கு அவள் வந்து தங்க ஓர் இடம் இருக்கிறது என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

வயதாகிவிட்டது, எடுத்து நடத்த ஆளில்லை. இல்லத்தை மூட நினைக்கிறோம். எப்படி முறையாக மூடுவது?
– வாசகர், திண்டிவனம்

நலக் குழுவுக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் எழுத்தில் தெரிவிப்பதுதான் முதல் படி. நீங்களாக எந்தப் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பவோ வேறு இல்லத்துக்கு மாற்றவோ கூடாது. ஒவ்வொருவருக்கும் குழுவின் உத்தரவு வேண்டும். வீட்டுக்குப் போகக்கூடியவர்களின் வீட்டை முன்பே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். தேதியை ஏப்ரல் கடைசியில், தேர்வு முடிந்ததும் வையுங்கள்; நடுவருடத்தில் பள்ளி மாறினால் பல பிள்ளைகள் படிப்பையே விட்டுவிடுவார்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை பிரியாதபடி ஒரே இடத்துக்கு அனுப்பக் கேளுங்கள். விஷயத்தைப் பிள்ளைகளிடம் நீங்களே, குறைந்தது இரண்டு மாதம் முன்னால் சொல்லுங்கள். வதந்தியாக அவர்கள் காதில் விழக் கூடாது.

ஒவ்வொரு பிள்ளையின் தனிக் கோப்பும் மூலச் சான்றுகளும் பிள்ளையோடு போக வேண்டும், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். பழைய பிள்ளைகளின் சேர்க்கைப் பதிவேட்டைப் பாதுகாப்பு அலகில் ஒப்படையுங்கள். இருபது வருடம் கழித்து ஒருவர் தன் தாய் யார், எந்த ஊர் என்று தேடி வரும்போது அவருக்கு வேறு எங்கும் விடை இருக்காது. மீதிப் பணமும் சாமான்களும் அறக்கட்டளைப் பத்திரத்தில் எழுதியபடி அதே நோக்கமுள்ள இன்னோர் அமைப்புக்குத்தான் போக வேண்டும். வெளிநாட்டு நன்கொடையில் வாங்கியவை இருந்தால் அதற்குத் தனி விதி. ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு கட்டிலைக்கூட வெளியே அனுப்பாதீர்கள். ஊழியர்களின் வருங்கால வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் கணக்கை மூடுமுன் தீர்த்துவிடுங்கள்.